நாள்வழியா, பேரேடா: வணிகவியல் முதலாண்டுக் கணினிப் பாடத்தில் ஓர் ஐயம்

தண்டையார்பேட்டை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் வடசென்னையில் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் வணிகத்தில் கணினிப் பயன்பாடு என்ற பாடம் எங்களுக்கு இருக்கிறது. கணினியின் பாகங்கள், உள்ளீட்டுக் கருவிகள், நினைவக வகைகள் ஆகியவற்றைப் படித்துத் தேர்வும் எழுதிவிட்டேன். அடுத்த அலகாக எக்செல் என்ற விரிதாள் மென்பொருள் வந்தபோதுதான் தடுமாற்றம் தொடங்கியது. எந்தக் கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால், ஒரு கடையின் கணக்கை அதற்குள் எப்படிக் கொண்டு வருவது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

என் மாமா காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். பெரும்பாலான விற்பனை கடனுக்குத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுக்காரர்கள் வலையைச் சீர் செய்வதற்காக நிறைய வாங்குவார்கள். தடை முடிந்து கடலுக்குப் போய் வந்த பிறகு சிறுகச் சிறுகக் கொடுப்பார்கள். இந்தப் பாக்கிக் கணக்கெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. செய்முறைப் பயிற்சிக்கும் உதவும், மாமாவுக்கும் பயன்படும் என்று எண்ணி, ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரையிலான கணக்கை எக்செல்லில் ஏற்றினேன்.

மேலே 38 படகுகளின் பெயர்களை நெடுவரிசைகளாக எழுதினேன். இடப்பக்கம் தேதிகள். அந்தத் தேதியில் அந்தப் படகுக்குக் கொடுத்த சரக்கின் தொகையைக் கட்டத்தில் எழுதினேன். பணம் வந்தால் கழித்தல் குறி போட்டு எழுதினேன். ஒரே நாளில் இரண்டு முறை வாங்கியிருந்தால் 1,500+2,000 கயிறு என்றும், வேறு யாராவது வந்து வாங்கியிருந்தால் 3,450 தம்பி வந்தார் என்றும் அதே கட்டத்தில் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு படகின் மொத்தத்தையும் மேலேயே சம் ஃபார்முலா வைத்து எடுத்தேன். நோட்டுக் கணக்கின்படி வரவேண்டிய பாக்கி ரூ.4,12,650. எக்செல் காட்டுவது ரூ.3,86,200. இரண்டு முறை சரிபார்த்தும் ரூ.26,450 எங்கே போனது என்று தெரியவில்லை. தேதிகளும் விசித்திரமாக இருக்கின்றன: சில தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நிற்கின்றன, வரிசைப்படுத்தினால் ஆகஸ்ட் மாதத்துப் பதிவுகள் சில மே மாதத்துக்குப் போய்விடுகின்றன.

என்னிடம் மடிக்கணினி இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. மற்ற நேரங்களில் கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸைப் பயன்படுத்துகிறேன். பிழை எங்கே இருக்கிறது என்பது என் முதல் கேள்வி. நான் கட்டங்களை அமைத்த முறையே தவறா என்பது இரண்டாவது. எக்செல்லை விட்டுவிட்டு டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள் என்று தோழிகள் சொல்கிறார்கள். அடுத்து வரும் தரவுத்தள அலகுதான் முக்கியம் என்று ஆசிரியர் சொல்கிறார். எனக்குக் கிடைக்கும் குறைந்த நேரத்தை எதில் செலவிடுவது என்பதையும் பெரியவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கணக்கர், ராயபுரம்:

அன்புள்ள மாணவிக்கு வணக்கம். ராஜாஜி சாலையில் ஒரு சரக்கு முகமை அலுவலகத்தில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கடைக் கணக்கையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டீர்களே, அதுதான் சரியான தொடக்கம் அம்மா. பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டில் தொகைகள் எப்போதும் ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிடும். கடைக் கணக்கு அப்படி உட்காராது, அதனால்தான் அது கற்றுக்கொடுக்கிறது.

முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்போம். கணக்கு ஒத்துப்போகாதபோது நாங்கள் செய்யும் முதல் வேலை, வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. 540 என்பதை 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தால் வித்தியாசம் 90 ஆகும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறும்போது வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். உங்கள் 26,450 அப்படி வகுபடவில்லை. இரண்டாவதாக, வித்தியாசத்தில் பாதியைத் தேடவேண்டும். வரவில் வைக்கவேண்டிய தொகையைப் பற்றில் வைத்துவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். 13,225 என்ற தொகை நோட்டில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இது ஒரே ஓர் எழுத்துப் பிழை அல்ல, விடுபட்ட தொகைகளின் கூட்டு என்று கொள்ளலாம். விடுபட்டவை எவை என்பதை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. 3,450 தம்பி வந்தார் என்பது மனிதருக்குத் தொகையாகத் தெரியலாம். எக்செல்லுக்கு அது ஒரு சொற்றொடர். ஒரு வரம்பில் இருக்கும் எழுத்துகளை சம் ஃபார்முலா எந்த எச்சரிக்கையும் செய்யாமல் தாண்டிப் போய்விடும். சமக்குறியில்லாமல் எழுதிய 1,500+2,000 கயிறு என்பதன் கதியும் அதுதான்.

அவை எத்தனை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கவுண்ட் என்ற ஃபார்முலா எண்கள் இருக்கும் கட்டங்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ என்பது காலியாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். தொகைப் பகுதி முழுவதற்கும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான், எண்போலத் தோற்றமளித்து எண்ணாக இல்லாத கட்டங்களின் எண்ணிக்கை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமைத்த முறை தவறு என்றே சொல்வேன். ஆனால் அது நீங்கள் மட்டும் செய்யும் தவறன்று. கணினி வந்த புதிதில் எங்கள் அலுவலகத்திலும் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நீங்கள் பேரேட்டை நேரடியாக எழுத முயன்றிருக்கிறீர்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை. சரக்கு போனவுடன் சிட்டை என்ற சீட்டு, அன்று மாலை சிட்டையைப் பார்த்து நாள்வழி, பிறகு நாள்வழியிலிருந்து ஒவ்வொருவர் பேருக்கும் பேரேடு. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி அச்சிட்ட நூலிலும் இதே மூன்று படிகள்தாம் வணிகர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன: நினைவுப் புத்தகம், நாளேடு, பேரேடு. நாள்வழியில் நடந்தது நடந்தபடி, நடந்த வரிசையில், ஒரு நிகழ்வுக்கு ஒரு வரியாக இருக்கும். பேரேடு என்பது அதைப் பேர்வாரியாகப் பிரித்து எழுதிய நகல்.

அந்த நகலெடுக்கும் வேலைதான் எங்கள் காலத்தில் இரவு ஒன்பது மணிவரை எங்களை உட்கார வைத்தது. கணினி இன்று செய்துதருவது அதைத்தான். நாள்வழியை நீங்கள் எழுதுங்கள். பேரேட்டைக் கணினி எழுதட்டும். தேதி, சிட்டை எண், படகு, பொருள், அளவு, விலை, பற்று, வரவு, குறிப்பு என்று ஒன்பது நெடுவரிசைகள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய படகு வந்தால் புதிய நெடுவரிசை வேண்டியதில்லை, கீழே இன்னொரு வரி சேரும், அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டு முறை வாங்கினால் இரண்டு வரிகள். தம்பி வந்தார் என்பது குறிப்பு நெடுவரிசைக்குப் போய்விடும். படகுவாரியாகவோ மாதவாரியாகவோ பாக்கி வேண்டுமென்றால் பிவட் டேபிள் (பதிவுகளைத் தொகுத்துக் கூட்டித் தரும் அட்டவணை) போட்டு, படகை இடப்பக்கமும், பற்றின் மொத்தத்தையும் வரவின் மொத்தத்தையும் எதிரிலும் வையுங்கள். நீங்கள் கையால் கட்டமைத்த அந்த 38 நெடுவரிசைப் பட்டியல் ஒரு நிமிடத்தில் வந்து நிற்கும். எந்தப் பொருள் அதிகம் கடனில் போகிறது என்று மாமா கேட்டால் அதே நாள்வழியிலிருந்து அதையும் எடுத்துக் கொடுக்கலாம். உங்கள் பழைய அமைப்பில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது, ஏனென்றால் பொருளுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

தணிக்கை அலுவலகப் பணியாளர், மண்ணடி:

வணக்கம் தங்கை. நான் மூன்றாண்டுகளுக்கு முன் பி.காம். முடித்து, இப்போது ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால், டேலியைப் பற்றி உங்கள் தோழிகள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. சௌகார்பேட்டையிலும் மண்ணடியிலும் கணக்கு வேலைக்குப் போனால் நேர்காணலில் முதலில் கேட்பது டேலி தெரியுமா என்பதைத்தான். எஃப்5 பணம் செலுத்துதல், எஃப்6 பணம் பெறுதல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விசைகளைச் சொல்லத் தெரிந்தாலே நம்மை உட்காரச் சொல்வார்கள்.

ஆனால், உட்கார்ந்த பிறகு நடப்பது வேறு. டேலியில் நாம் பதிவது வவுச்சர், அதாவது ஒவ்வொரு நிகழ்வுக்குமான பதிவு. பேரேடும், எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் இருப்பாய்வும் தாமாக வருகின்றன. ஆக அதுவும் ஐயா சொன்ன நாள்வழி முறையேதான். அந்தக் கருத்து புரியாமல் விசைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், இருப்பாய்வில் ஒரு தொகை இடித்தால் எந்த வவுச்சரிலிருந்து அது வந்தது என்று பின்னோக்கிப் போகத் தெரியாமல் நிற்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். அதனால் என் யோசனை: இந்தப் பருவத்தில் எக்செல், விடுமுறையில் டேலி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் அலுவலகத்தில் நாளின் பாதி, வாடிக்கையாளரின் கொள்முதல் பட்டியலையும் ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கிய, விற்றவர்கள் காட்டிய பில்கள் அடங்கிய ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலையும் ஒப்பிடுவதில் கழிகிறது. விற்றவர் தம் பட்டியலில் காட்டாத பில்லுக்கு, வாங்கியவர் உள்ளீட்டு வரிப் பயனை, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை, எடுக்க முடியாது என்பதால் ஒவ்வொரு பில்லையும் பொருத்திப் பார்க்கவேண்டும். இதை எக்செல்லில்தான் செய்கிறோம். ஓரிடத்தில் 001/25 என்றும் இன்னோரிடத்தில் 1/25 என்றும் பில் எண் இருந்தால், வி-லுக்கப் என்ற தேடிப் பொருத்தும் ஃபார்முலா பொருத்தாது. எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் பொருத்தாது. அதை நீக்க ட்ரிம் என்ற ஃபார்முலா வேண்டும். வி-லுக்கப்பில் நான்காவது மதிப்பைக் கொடுக்காமல் விட்டால் அது தோராயப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டு, பொருந்தாத ஒன்றைக்கூட விடையாகக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி வந்தால் திருத்திக்கொள்ளலாம். தவறான விடை அமைதியாக வந்தால் அது அப்படியே வரிக் கணக்கில் ஏறிவிடும். எனவே நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுப்பதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. எண்ணைப் பதியும் கட்டத்துக்கு டேட்டா வேலிடேஷன் (தவறான பதிவைத் தடுக்கும் வசதி) வைத்துப் பழகுவது நல்ல பயிற்சி. அந்த எண்ணில் எப்போதும் 15 குறியுருக்கள் (எண்களும் எழுத்துகளும்) இருக்கும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து உரியவரின் பான் எண். கடைசிக் குறியுரு, முன்னுள்ளவை சரியா என்று சரிபார்ப்பதற்கானது. 14 குறியுருக்களை மட்டும் தட்டச்சு செய்தால் கட்டம் ஏற்றுக்கொள்ளாதபடி செய்துவிட்டால், பிற்பாடு தேடி அலையும் வேலை மிச்சம்.

கணினிப் பயன்பாட்டு ஆசிரியை, பெரம்பூர்:

இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறவள் என்பதால் இவ்வுரையாடலைப் படித்து மகிழ்ந்தேன். மாணவி கேட்டிருப்பது, நாங்கள் பாடத்திட்டத்தில் முதல் நாளே சொல்லவேண்டியதும், கணினியின் பாகங்களுக்கு வாரக்கணக்கில் நேரம் போய்விடுவதால் சொல்லாமல் விட்டுவிடுவதுமான கேள்வி.

வணிகத்துக்கென்று கணினியைப் பயன்படுத்திய முதல் நிறுவனம் ஒரு தேநீர்க்கடை நிறுவனம். லண்டனில் நிறையத் தேநீர்க்கடைகளை நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், லியோ என்ற கணினியைத் தானே கட்டி, 1951ஆம் ஆண்டு நவம்பரில் அடுமனைப் பொருள்களின் மதிப்புக் கணக்கை அதில் ஓட்டியது. பின்னர் தினசரிச் சரக்கு அனுப்பும் வேலைக்கு அதைப் பயன்படுத்தியபோது அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான தேவைப் பட்டியல் ஒன்று முன்பே பதியப்பட்டிருந்தது. கடை மேலாளர் தொலைபேசியில் அன்றைக்குரிய மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். எதைப் பதிவது, எதைப் பதியாமல் விடுவது, பதிந்ததிலிருந்து எதையெல்லாம் கணக்கிட்டுப் பெறலாம் என்ற சிந்தனை இயந்திரத்தின் வேகத்தைவிட முக்கியமாக இருந்தது. காசிமேட்டுக் கடைக்கும் அதே சிந்தனைதான் வேண்டும்.

தேதிச் சிக்கலுக்கு வருகிறேன். எக்செல் தேதியைத் தேதியாக வைத்திருப்பதில்லை. 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும் நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 5 என்பது அதற்கு 45,874. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் மாதம் முதலில், நாள் பிறகு என்று அது படிக்கும். நீங்கள் 05/08/2025 என்று எழுதினால் மே 8 என்று புரிந்துகொண்டு, எண்ணாக மாற்றி, எண்ணுக்குரிய வழக்கப்படி வலப்பக்கம் நிறுத்தும். 13/08/2025 என்று எழுதினால் 13ஆவது மாதம் இல்லை என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்து இடப்பக்கம் நிறுத்தும். இடப்பக்கம் நிற்பவை தவறு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால், வலப்பக்கம் நிற்பவற்றில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் அவை சரியான தேதிகள் போலவே நிற்கும் தவறான தேதிகள். ஆய்வகக் கணினியிலும் கூகுள் ஷீட்ஸின் அமைப்புகளிலும் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே மே 8 ஆகிவிட்டவை இதனால் திரும்ப வராது. நோட்டைப் பார்த்து மறுபடி எழுதவேண்டும். இனி 2025-08-05 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதினால் எந்த அமைப்பிலும் குழப்பம் வராது.

தொகை வேறுபாட்டில் ஐயா சொன்னதோடு இன்னொரு காரணத்தையும் பாருங்கள்: உங்கள் சம் ஃபார்முலாவின் வரம்பு கடைசிப் பதிவு வரை போகிறதா? மொத்தத்தை மேலே வைத்து, வரம்பை முன்கூட்டியே எழுதிவைக்கும்போது இது எளிதில் நேரும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட, அரசுகளின் கடனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் இதே பிழை இருந்தது. சராசரி எடுக்கும் ஃபார்முலா 30ஆம் வரிசையிலிருந்து 49 வரை போவதற்குப் பதிலாக 44இல் நின்றுவிட்டதால், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் வரவில்லை. அந்தக் கட்டுரையின் முடிவு மாறியதற்கு வேறு பெரிய காரணங்களும் உண்டு. ஆனால் 2013இல் அவை அனைத்தும் வெளிவந்ததற்கு வழி செய்தவர் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர்; வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் செய்து பார்த்து, விடை வராமல், மூல விரிதாளையே கேட்டு வாங்கிப் பார்த்தார். நோட்டும் விரிதாளும் ஒத்துப்போகவில்லையே என்று இங்கே வந்து கேட்ட உங்கள் செயலும் அதே இனத்தைச் சேர்ந்தது.

வரம்புப் பிழையைத் தவிர்க்க, நாள்வழியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் விசையுடன் டி அழுத்தி அதை டேபிளாக மாற்றிவிடுங்கள். கீழே வரி சேரச் சேர, அதைச் சுட்டும் ஃபார்முலாக்களின் வரம்பும் தானாக நீளும்.

வரி கணக்கிடும்போது காசு வித்தியாசம் ஒன்றும் வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரூ.33.50க்கு 2.5 விழுக்காடு வரி என்றால் 0.8375, கட்டத்தில் 0.84 என்று தெரியும். அப்படி மூன்று வரிகள் இருந்தால் கண்ணால் கூட்டினால் 2.52 வரும், எக்செல் 2.51 என்று காட்டும். உள்ளே இருப்பது வேறு, காட்டப்படுவது வேறு. பில்லில் அச்சாகும் தொகைதான் கணக்கு என்றால், ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் ஃபார்முலாவைப் போட்டு இரண்டு தசம இடங்களுக்குத் திருத்திய பிறகே கூட்டவேண்டும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாள்வழியைக் கைப்பேசியில் அன்றன்றே பதியலாம், அதற்குப் பெரிய திரை தேவையில்லை. பிவட் டேபிள், வி-லுக்கப், டேட்டா வேலிடேஷன் ஆகியவற்றுக்கு ஆய்வக நேரத்தை ஒதுக்குங்கள். மெனுக்களின் பெயர்களைத் தேர்வுக்கு முந்தைய நாள் பார்த்தால் போதும்.

தண்டையார்பேட்டை மாணவி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று ஆய்வகத்தில் செய்து பார்த்தேன். 13,225 என்ற தொகை நோட்டில் இல்லை. கவுண்ட், கவுண்ட்ஏ இரண்டுக்கும் இடையே ஏழு வேறுபாடு வந்தது. அந்த ஏழு கட்டங்களைத் தேடிக் கூட்டியபோது ரூ.21,950. மிச்சம் ரூ.4,500 எங்கே என்று தேடினால், ஆசிரியை அம்மா சொன்னதுபோலவே வரம்பு 120ஆம் வரிசையோடு நின்றிருந்தது. கடைசி நாள் பதிவு 121இல் இருந்தது. இரண்டும் சேர்ந்து சரியாக ரூ.26,450. மாமாவிடம் காட்டியபோது அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு நீண்ட நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எல்லாவற்றையும் நாள்வழியாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். அன்னை வேளாங்கண்ணி என்ற பெயரில் இரண்டு படகுகள் இருக்கின்றன, உரிமையாளர்கள் வேறு. இன்னொருவருக்கு மூன்று படகுகள் இருக்கின்றன, அவர் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். பிவட் டேபிளில் முதல் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள், மூன்றாமவர் மூவராகிவிடுகிறார். அடுத்ததாக, ஒருவர் ரூ.10,000 கொண்டுவந்து கொடுக்கிறார், எந்தச் சிட்டைக்கு என்று சொல்வதில்லை. அதை எந்தச் சிட்டைக்கு எதிரில் வரவு வைப்பது?

கணினிப் பயன்பாட்டு ஆசிரியை, பெரம்பூர்:

உங்கள் முதல் சிக்கல்தான் உங்கள் ஆசிரியர் சொன்ன தரவுத்தள அலகின் வாசல். பெயர் ஒருவரை அடையாளம் காட்டப் போதாது; ஒருபோதும் இரண்டு பேருக்கு அமையாத ஓர் எண் வேண்டும். அதைத்தான் புத்தகத்தில் முதன்மைத் திறவுகோல் என்று எழுதியிருப்பார்கள். படகுகளுக்கு அப்படியோர் எண் ஏற்கெனவே இருக்கிறது: படகின் மேல் எழுதப்பட்டிருக்கும், ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண். நாள்வழியில் படகின் பெயருக்குப் பதிலாக அதை எழுதுங்கள்.

பிறகு தனியாக இரண்டு சிறு பட்டியல்கள் வேண்டும். ஒன்றில் உரிமையாளர் எண், பெயர், தொலைபேசி. மற்றொன்றில் படகின் பதிவு எண், படகின் பெயர், உரிமையாளர் எண். மூன்று படகுக்காரர் முதல் பட்டியலில் ஒரு முறையும், அவருடைய எண் இரண்டாவது பட்டியலில் மூன்று முறையும் வரும். நாள்வழியில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, பதிவு எண்ணைக் கொண்டு வி-லுக்கப் மூலம் உரிமையாளர் எண்ணை வரவழைத்துவிட்டால், பிவட் டேபிளைப் படகுவாரியாகவும் எடுக்கலாம், ஆள்வாரியாகவும் எடுக்கலாம். மூன்று படகுக்கும் சேர்த்துப் பணம் வரும் வரியில் மட்டும் பதிவு எண்ணைக் காலியாக விட்டு, உரிமையாளர் எண்ணை நேரே எழுதுங்கள். அவருடைய தொலைபேசி எண் மாறினால் ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் போதும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த உறவுமுறைத் தரவுத்தளம் என்பது இந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது.

38 படகுகளுக்கு விரிதாளே போதும். பதிவுகள் பெருகி, பலர் ஒரே நேரத்தில் பதியும் நிலை வரும்போது தரவுத்தளத்துக்குப் போகவேண்டும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் சேர்த்துவந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதால் 15,841 தொற்றாளர்களின் விவரம் அன்றாட அறிக்கையில் சேராமல் போனது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

ஓய்வுபெற்ற கணக்கர், ராயபுரம்:

இரண்டாவது கேள்விக்கு எக்செல்லில் விடை இல்லை அம்மா, நீங்கள் படிக்கப்போகும் வணிகச் சட்டத்தில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60, 61ஆம் பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. கொடுப்பவர் இந்தச் சிட்டைக்கு என்று சொன்னாலோ, சூழ்நிலையிலிருந்து அது தெரிந்தாலோ, வாங்குபவர் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் அதற்குத்தான் வரவு வைக்கவேண்டும். அவர் சொல்லாவிட்டால், வாங்குபவர் தம் விருப்பப்படி சட்டப்படியான எந்தப் பாக்கிக்கும் வைத்துக்கொள்ளலாம். இருவரும் தீர்மானிக்காமல் விட்டால், காலத்தால் முந்திய கடனுக்கு முதலில் போகும்.

ஆகவே மாமாவிடம் ஒரு வழக்கத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். பணம் வாங்கும்போதே எந்தச் சிட்டைக்கு என்று கேட்டு ரசீதில் எழுதட்டும்; சொல்லாதவர்களுக்குப் பழைய சிட்டையிலிருந்து கழிக்கட்டும். நாள்வழியில் அந்த ரூ.10,000 ஒரே வரியாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் பணம் ஒரு முறைதான் வந்தது. எந்தச் சிட்டைக்கு எவ்வளவு என்பதை, ரசீது எண், சிட்டை எண், தொகை என்ற மூன்றே நெடுவரிசைகள் கொண்ட இன்னொரு தாளில் எழுதுங்கள். பழைய விற்பனை வரியில் உள்ள தொகையை அழித்துக் குறைத்து எழுதவே வேண்டாம். தவறாகப் பதிந்திருந்தாலும் அழிக்காமல், எதிர்ப் பதிவு ஒன்று போட்டுக் குறிப்பில் காரணம் எழுதுங்கள். அடுத்த தடைக்காலத்தில் யாராவது கணக்கில் ஐயம் எழுப்பினால், ஏப்ரல் மாதத்து வரி அன்று எழுதியபடியே இருக்கவேண்டும்.